22.5-இல் ஒரு பங்கு: நம் பாட்டி ஏறிய ரயில் பெட்டியை நாமே கட்டுவது

மாடல் ரயில் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது பேரங்காடியில் கண்ணாடிக்குள் வட்டமடிக்கும் குட்டி ரயில்தான். அதைவிடப் பெரிய வகை ஒன்று இருக்கிறது. வீட்டுத் தோட்டத்திலேயே தண்டவாளம் போட்டு ஓட்டுவார்கள். ஒரு பயணிகள் பெட்டியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். கடையில் இந்த அளவுக்குக் கிடைப்பதெல்லாம் சுவிட்சர்லாந்து மலை ரயில், ஜெர்மன் கிராமத்து ரயில், அமெரிக்கப் பழைய ரயில். மலாயாவின் மூன்றாம் வகுப்புப் பெட்டியை எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. வேண்டுமென்றால் ஷீட்டையும் கம்பியையும் வெட்டி நாமேதான் கட்டணும். இதற்கு ஸ்க்ராட்ச் பில்டிங் என்று பெயர்.

கைவேலை நன்றாக வருமா என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், கத்தியை எடுப்பதற்கு முன்னால் பேப்பரில் எடுக்கும் முடிவுகளில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. அதனால் இந்தப் பாடத்தில் கணக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

45 மில்லிமீட்டரில் ஒரு அதிர்ஷ்டம்

1968-இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற தோட்ட ரயிலைக் கொண்டு வந்தது. தண்டவாள இடைவெளி 45 மி.மீ., அளவு 22.5-இல் ஒரு பங்கு. ஏன் இப்படி ஒரு விநோதமான எண்? 1000 மி.மீ.-ஐ 22.5-ஆல் வகுத்துப் பாருங்கள், 44.4 வரும். அதாவது அந்தத் தண்டவாளம் மீட்டர் கேஜ் ரயிலுக்காகவே கணக்குப் போட்டது. ஐரோப்பாவின் மலை ரயில்களில் நிறைய மீட்டர் கேஜ்தான்.

நம்முடையதும் அதுவேதான்! 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செபெத்தாங்குக்கு, சுமார் 13 கிலோமீட்டர் தூரம் முதல் ரயில் ஓடியபோதும் மீட்டர் கேஜ். இன்றைக்கு நாம் ஏறும் கே.டி.எம். கொமுட்டரும் மீட்டர் கேஜ். தாய்லாந்திலும் அதே இடைவெளிதான். 1943-இல் நம் தோட்டத்து மக்களை ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போனபோதும் இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் கொண்டு போனார்கள்.

ஆக, ஜெர்மன்காரர் செய்த தண்டவாளத்தையும் சக்கரத்தையும் வாங்கி, அதன் மேல் நம்ம பெட்டியைச் சரியான அளவில் உட்கார வைக்கலாம். சக்கரத்தை மட்டும் கடையில் வாங்குங்கள். உலோகச் சக்கரமாகப் பார்த்து வாங்கணும். அதை வீட்டில் கடைய லேத் வேண்டும், வீம்புக்குச் செய்ய வேண்டியதில்லை.

அளவெடுப்பது

பழைய பெட்டியின் வரைபடம் கைக்குக் கிடைத்தால் பாக்கியம். பெரும்பாலும் கிடைக்காது. எங்காவது காட்சிக்கு நிற்கும் பெட்டியை அனுமதி கேட்டு அளக்கலாம். மொத்த நீளம், அகலம், தரையிலிருந்து கூரை உச்சி, இரண்டு போகிகளின் நடுப்புள்ளிக்கு இடைப்பட்ட தூரம், ஒரு ஜன்னல், இரண்டு ஜன்னலுக்கு நடுவிலுள்ள மரம். இவ்வளவு இருந்தால் மீதியைப் படத்திலிருந்து எடுத்துவிடலாம். (நம் வீடுகளில் முழுப் பெட்டியையும் போகி என்பார்கள். பொறியியலில் போகி என்பது பெட்டிக்கு அடியில் சக்கரங்களோடு திரும்பும் அந்த வண்டி மட்டும்தான்.)

படம் எடுக்கும்போது பெட்டிக்கு நேர் எதிரே, தள்ளி நின்று, ஜூம் வைத்து எடுங்கள். கிட்டே நின்றால் ஓரங்கள் சுருங்கிவிடும். ஒரு மீட்டர் குச்சியில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்துச் சுவரோடு சாய்த்து வைத்தால் அந்தப் படமே ஒரு அளவுகோல். வெறும் பழைய புகைப்படம்தான் இருக்கிறது என்றால், பெட்டியின் முன்முகம் தெரியும் படத்தைத் தேடுங்கள். கீழே தெரியும் தண்டவாள இடைவெளி 1000 மி.மீ. என்பது நமக்குத் தெரியும். அதை வைத்து அகலத்தையும் உயரத்தையும் ஓரளவு கணிக்கலாம்.

வளைவுதான் முதல் எதிரி

18 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலமுள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். 22.5-ஆல் வகுத்தால் 800 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலம். போகி நடுப்புள்ளிகளுக்கு இடையே 12.5 மீட்டர் என்றால் மாடலில் 555 மி.மீ.

எல்.ஜி.பி.யின் மிகச் சிறிய வளைவுக்கு ஆரம் 600 மி.மீ. பெட்டி வளைவில் போகும்போது அதன் நடுப்பகுதி உட்பக்கமாகத் தள்ளும். எவ்வளவு? போகி இடைவெளியின் வர்க்கத்தை, ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய வந்துவிடும். 555-இன் வர்க்கம் 308,025. அதை 4800-ஆல் வகுத்தால் 64 மி.மீ. பெட்டியின் பாதி அகலமே 60 மி.மீ.தானே! நடுவில் பெட்டி கிட்டத்தட்ட தண்டவாளத்தை விட்டே வெளியே நிற்கும். இரண்டு முனைகளும் அதே அளவுக்கு வெளிப்பக்கம் நீட்டும், அடுத்த பெட்டியின் கொக்கி கழன்று போகும்.

ஆரத்தை 1200 ஆக்கினால் 32 மி.மீ. 2400 என்றால் 16. அதனால்தான் பொம்மைக் கம்பெனிகள் பெட்டியின் நீளத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிடுகின்றன. இரண்டு ஜன்னலைக் காணோம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உங்களிடம் இடம் குறைவென்றால் நீங்களும் அப்படிச் செய்யலாம், தப்பில்லை. ஆனால் ஜன்னலின் அகலத்தைக் குறைக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். ஜன்னல் ஒடுங்கினால் பெட்டியின் முகமே மாறிவிடும். என் கருத்து, நம் பெட்டியை முழு நீளத்தில் கட்டி, நேர் பாதையில் ஓட்டுவது மேல்.

நம் வெயிலுக்கு ஏற்ற பொருள்

வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒட்டுப்பலகை அழகாக இருக்கும், ஆனால் நம் ஊர் ஈரப்பதத்தில் ஓரங்களில் தண்ணீர் குடித்து உப்பும். வெட்டிய ஓரம் ஒவ்வொன்றையும் வார்னிஷால் அடைத்தால் தாங்கும். நான் ஸ்டைரீன் ஷீட்டைத்தான் சிபாரிசு செய்வேன். 2 மி.மீ. ஷீட்டில் பக்கச் சுவர், அதன் மேல் மெல்லிய பட்டைகளை ஒட்டிப் பலகை இணைப்புகள். கத்தியால் இரண்டு மூன்று தடவை கீறி மடக்கினாலே நேராக உடையும். ஜன்னல்களை மட்டும் சுவரை நிறுத்துவதற்கு முன்பே, தட்டையாக இருக்கும்போதே வெட்டிவிடணும்.

ஸ்டைரீனுக்கு வெயில் ஆகாது. நிழலுக்கும் வெயிலுக்கும் 30 பாகை வித்தியாசம் வந்தால் 800 மி.மீ. ஷீட் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீளும். பித்தளைக் கம்பி அரை மி.மீ.கூட நீளாது. பெட்டி நீளத்துக்கு ஒரு பித்தளைக் கம்பியை இரண்டு முனையிலும் இறுக ஒட்டினால் என்ன ஆகும்? சுவர் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். கம்பியை ஒரு முனையில் மட்டும் ஒட்டி, மறு முனையைத் துளைக்குள் சும்மா நுழைத்து விடுங்கள். பழைய மரப் பெட்டிகள் பலவற்றின் அடியில் நீளமாக ஓடும் இழுகம்பிகளுக்கும் இதே வழிதான்.

இன்னொன்று, இரண்டு ஷீட்டை முழுப் பரப்பிலும் ஒட்டும்போது கரைப்பான் பசை நடுவில் மாட்டிக்கொண்டு மெதுவாக ஷீட்டைத் தின்னும். மாதக்கணக்கு கழித்தும் கோணும். உள் ஷீட்டில் அங்கங்கே சின்னத் துளை போட்டால் ஆவி வெளியேற வழி கிடைக்கும். அந்த ஆவி நமக்கும் நல்லதில்லை. அறைக்குள் ஏர்கோன் போட்டுக்கொண்டு ஒட்டாதீர்கள். ஐந்தடியில் உட்கார்ந்து ஒட்டுங்கள்.

மூன்று கல் அடுப்பு

பெட்டி தடம் புரளாமல் ஓட வைப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தோட்டத்துத் தண்டவாளம் மேசை மாதிரி சமமாக இருக்காது. பெட்டியோ நீளமான, விறைப்பான ஒரு டப்பா. நான்கு மூலையிலும் அதைத் தாங்கினால் எப்போதும் ஒரு மூலை அந்தரத்தில் நிற்கும், அந்தப் பக்கத்துச் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும்.

பொங்கலுக்கு மூன்று செங்கல் வைத்துத்தானே அடுப்பு கூட்டுகிறோம். மண் தரை எப்படி மேடு பள்ளமாக இருந்தாலும் பானை ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்ற வடிவக் கணிதம்தான். பெட்டிக்கும் அதையே செய்கிறோம். ஒரு போகியின் மேல் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு சின்ன மெத்தைகள். அந்தப் போகி இடம் வலமாகத் திரும்பும், முன்னும் பின்னும் ஆடும், பக்கவாட்டில் மட்டும் சாயாது. மற்ற போகியில் நடுவில் ஒரே ஒரு குமிழ் வாஷர். அது எல்லாப் பக்கமும் ஆடும். இரண்டு கல் இங்கே, ஒரு கல் அங்கே. நடு போல்ட்டுக்கு நைலான் பூட்டு நட் போட்டு, முழுக்க இறுக்காமல் அரைத் திருகு தளர்த்தி விடுங்கள்.

எடையை எவ்வளவு வைப்பது? நீளம் 22.5 மடங்கு குறைந்தால் எடை 22.5-இன் கனம், அதாவது சுமார் 11,390 மடங்கு குறையும். 30 டன் பெட்டி என்றால் 2.6 கிலோ வரும். அவ்வளவு தேவையில்லை, என் பெட்டி ஒன்றரைக் கிலோதான். வைக்கும் எடையைத் தரைக்கு அடியில், போகிகளுக்கு நேர் மேலே வையுங்கள். கூரைப் பக்கம் எடை ஏறினால் வளைவில் கவிழும். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் கையால் மெதுவாகத் தள்ளி முழுப் பாதையையும் ஒரு சுற்று பார்த்துவிடணும்.

உள்ளே என்ன இருந்தது?

வெளித்தோற்றத்துக்குப் படங்கள் கிடைக்கும். மூன்றாம் வகுப்புக்கு உள்ளே யார் படம் எடுத்தார்கள்? நான் பாட்டியைத்தான் கேட்டேன். "சொவத்தோரமா நீட்டுப் பலகைடா, நடுவுல மூட்டை முடிச்சு எல்லாம் போட்டுருவாங்க" என்றார். செந்தூல் பட்டறையில் தச்சு வேலை பார்த்த பக்கத்து வீட்டுத் தாத்தா அதை ஒத்துக்கொள்ளவில்லை. பலகை குறுக்கேதான் இருந்ததாம், ஆணி வரிசையைக்கூட விரலால் மேசையில் புள்ளி வைத்துக் காட்டினார். இரண்டு பேரும் வேறு வேறு பெட்டியைச் சொல்லலாம். இரண்டையுமே எழுதி வைத்திருக்கிறேன். தாத்தாவுக்கு 87 வயது. அவர் சொன்னதை அவர் எதிரிலேயே வரைந்து, அவர் கையாலேயே திருத்தி வாங்கினேன்.

கூரையை நான் ஒட்டவில்லை. நான்கு சின்னக் காந்தம் வைத்துக் கழற்றுகிற மாதிரி விட்டிருக்கிறேன், பலகையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உங்கள் வீட்டு ஆல்பத்தில் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து எடுத்த படம் இருந்தால், பின்னால் தெரியும் இருக்கையைக் கவனியுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது அதைக் கொண்டு வாருங்கள். மாடலையும் மேசையில் வைத்திருப்பேன்.