சட்டெனத் தொடங்கிச் சட்டென நிற்கும் துடிப்பு: இளம் மருத்துவருக்கு ஒரு மடல்



இதயத்தின் மிகைவேகத் துடிப்பைப் பற்றி இளம் மருத்துவர் ஒருவர் எழுதியுள்ள கட்டுரை, நான்காண்டுகளாக மனப்பதற்றத்துக்கு மாத்திரை உட்கொண்டுவரும் ஓர் ஆசிரியையின் நோய் வரலாற்றை நடுவில் வைத்திருந்தும், அந்நோயாளியிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கடைசிப் பத்திவரை கேட்கவேயில்லை என்பது மூத்த வாசகர் ஒருவருக்குப் பொறுக்க முடியாத குறையாகப் படுகிறது. துடிப்பு எப்படித் தொடங்கிற்று, எப்படி நின்றது என்பதே அக்கேள்வி. காய்ச்சல், இரத்தச்சோகை, தைராய்டு மிகைச்சுரப்பு, அச்சம் ஆகியவற்றால் எழும் வேகம் படிப்படியாக ஏறிப் படிப்படியாகவே தணியும். சுவிட்சைத் தட்டியதுபோல் நொடிப்பொழுதில் நிமிடத்துக்கு 180 துடிப்பைத் தொட்டு, அவ்வாறே நொடிப்பொழுதில் அடங்குவது வேறு இனம். இரண்டையும் ‘படபடப்பு’ என்னும் ஒரே சொல்லில் கட்டிவைத்த கட்டுரை, அச்சம் துடிப்பை எழுப்பியதாகக் கூறுகிறதேயன்றி, துடிப்பே அச்சத்தை எழுப்பியிருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டாவது இனத்தில் மிகப் பரவலான வகை பெண்களுக்கே கூடுதலாக வருவதால், இத்தவற்றின் சுமையும் அவர்கள்மேலேயே விழுகிறது.

அவ்வகையின் காரணம் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டலைக் கடத்தும் ஏ.வி. கணுவில் உள்ளது, 1906-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஜப்பானியரான சுனாவோ தவாரா விவரித்த கணு அது. சிலருக்கு அங்கே விரைவாகக் கடத்தும் பாதையொன்றும் மெதுவாகக் கடத்தும் பாதையொன்றும் அமைந்திருக்க, உரிய நேரத்துக்கு முன்பே எழும் ஒரு தூண்டல், முந்தையதிலிருந்து இன்னும் மீளாத விரைவுப் பாதையில் நுழைய முடியாமல் மெதுப்பாதை வழியே இறங்கி, அதற்குள் மீண்டுவிட்ட விரைவுப் பாதை வழியே மேலேறிச் செக்கைப்போல் சுற்றத் தொடங்கிவிடுகிறது. மீள்நுழைவு எனப்படும் இச்சுற்றை ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் 1913-இலேயே விலங்குகளின் இதயங்களில் காட்டிவிட்டார்.

கழுத்தில் தவளைத் தொண்டைபோல் துடிப்பு புடைத்தெழுந்ததையும் வேகம் அடங்கியபின் சிறுநீர் மிகுதியாகக் கழிந்ததையும் கட்டுரையாசிரியர் வரைந்திருக்கும் பத்தி, தமிழ் மருத்துவ எழுத்தில் காணக்கிடைக்காத அருமை உடையது. மேலறையும் கீழறையும் ஒருசேரச் சுருங்கும்போது, மூடிய வால்வில் மோதித் திரும்பும் இரத்தமே கழுத்துச் சிரையைப் புடைக்கச் செய்கிறது. அத்தனை கூர்மையாகக் கண்டவர் துடிப்பு நடக்கும்போதே 12 லீடு இ.சி.ஜி. எடுக்காமல் விட்டது எப்படி?

துடிப்பை அடக்கும் அடினோசின் மருந்து எளிதில் கிட்டாத நாட்களில், வெராபமிலைச் சிரை வழியே மெல்லச் செலுத்தியபடி ஓடும் இ.சி.ஜி. தாளில் கண்பதித்து நின்ற தலைமுறைக்கு அந்தத் தாளின் அருமை தெரியும். அதைக் கத்தரித்து நோயாளியின் கையிலேயே கொடுத்தனுப்பும் செவிலியர் ஒருவர் இருந்தார். மடிப்புகளில் கிழிந்து பழுத்துப்போன அத்துண்டுகளோடு பல ஆண்டுகள் கழித்தும் நோயாளிகள் வந்ததுண்டு, நோய்க்குப் பெயரிட அதற்குமேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

சிகிச்சையில், மூச்சை அடக்கி முக்கச் சொல்வதற்குக் கட்டுரை அரைவரியே ஒதுக்கியுள்ளது. சாய்ந்த நிலையில் 15 நொடி முக்கியவுடன் நோயாளியை மல்லாத்திக் கால்களை 45 பாகை உயர்த்தி 15 நொடி பிடித்தால், 100 பேரில் 43 பேருக்குத் துடிப்பு சீரானதையும், வெறுமனே முக்கியோரில் 17 பேருக்கே சீரானதையும் 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியிருக்க, செலவில்லாத இம்முறைக்கு ஒரு முழுப் பத்தி தந்திருக்கலாம். அதற்கும் அடங்காதபோதுதான் 6 மில்லிகிராம் அடினோசின்.

ஆசிரியையின் கதை மாத்திரையோடு முடிவதும் சரியன்று. கதீட்டர் வழியே மெதுப்பாதையை ரேடியோ அலை வெப்பத்தால் சுட்டுவிட்டால் பெரும்பாலோருக்கு நோய் அடியோடு நீங்குகிறது; மிகச் சிலருக்குக் கணு பழுதுபட்டு பேஸ்மேக்கர் தேவைப்படலாம். இவ்விரண்டையும் அந்த ஆசிரியையிடம் சொல்லி, அவர் எதைத் தேர்ந்தார் என்பதைக் கட்டுரையாசிரியர் அடுத்த இதழில் எழுத வேண்டும்.