கொட்டிலுக்கு ஒரு சூரிய விளக்கு

மின்சாரம் இல்லாத 1990களில் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். இன்று சிறிய சூரியத் தகடும் பற்றரியும் இருந்தால் போதும்; இடம் மாறும்போது கழற்றிக் கொண்டும் போகலாம். ஆனால் அரும்பாடுபட்டுச் சேர்த்த காசில் வாங்கிய பற்றரி சில மாதங்களில் பழுதாகிவிட்டால் என்ன செய்வோம்? அதைத் தவிர்க்கும் வழியை இப்பாடத்தில் பார்ப்போம்.

எந்தப் பற்றரி?

உழவு இயந்திரத்தின் பற்றரி, இயந்திரத்தை இயக்கச் சில விநாடிகளுக்குப் பெருமளவு மின் கொடுப்பதற்கென்று செய்யப்பட்டது. அதன் ஈயத் தகடுகள் மெல்லியவை. இரவிரவாக விளக்கெரித்து அதை வெறுமையாக்கினால் விரைவில் கெட்டுவிடும். சூரிய மின்னுக்கென்று விற்கும், தடித்த தகடுள்ள 'டீப் சைக்கிள்' பற்றரியைக் கேட்டு வாங்குவோம். அதிலும் பாதிக்கு மேல் செலவழிக்கக் கூடாது. ஓய்வாக இருக்கும் 12 வோல்ற் ஈயப் பற்றரி நிறைந்திருந்தால் ஏறத்தாழ 12.7 வோல்ற் காட்டும், 12.2 என்றால் பாதி முடிந்துவிட்டது.

எவ்வளவு வேண்டும்?

5 வாற் எல்.ஈ.டி. விளக்குகள் 3, நாளுக்கு 4 மணித்தியாலம்: 60 வாற்-மணி.
கைத்தொலைபேசி ஒன்று: 15.
மொத்தம்: 75.

மழை முகிலை எண்ணி 2 நாளுக்கு 150. பாதியை மட்டுமே பாவிப்பதால் 300 வேண்டும். அதை 12ஆல் பிரித்தால் 25 அம்பியர்-மணி. இதுவே பற்றரியின் அளவு. 40 வாற் தகடு, 4 மணித்தியால நல்ல வெயிலில் 160 வாற்-மணி தரும். மூன்றில் ஒரு பங்கு வீணானாலும் நமக்குப் போதும்.

பொருத்தும் முறை

1. தகட்டைத் தெற்கு நோக்கிச் சற்றுச் சரித்து வைப்போம். ஒரு தென்னோலையின் நிழல்கூட மின்னைப் பெரிதும் குறைக்கும்.
2. சார்ஜ் கொன்ரோலரில் முதலில் பற்றரியை இணைப்போம், பிறகு தகட்டை. கழற்றும்போது தகடு முதலில்.
3. பற்றரியின் நேர்முனைக்கு அருகில் பியூஸ் போடுவோம். கிடுகுக் கூரையின் கீழ் வயர் சூடேறினால் கொட்டிலே எரிந்துவிடும்.
4. மின்னேறும் பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரும். காற்றோட்டமான இடத்தில் வைத்து, அருகில் போத்தல் விளக்கு கொளுத்தாதிருப்போம்.
5. மூடி திறக்கும் பற்றரியென்றால் மாதமொருமுறை பார்த்து, காய்ச்சி வடித்த நீரை மட்டும் விடுவோம். கிணற்றுநீர் கூடாது.

கலந்துரையாடுவோம்

நமது வீட்டில் எத்தனை விளக்கு, எத்தனை மணித்தியாலம் எரிய வேண்டும்? கடைக்குப் போவதற்கு முன் குடும்பமாக இருந்து மேலுள்ளவாறு கணக்கிட்டுப் பார்ப்போம்.