கிழிசலுக்கு மேல் பசை போட விடாதீர்கள்

கட்டைவிரல் நகம் அளவுதான் கிழிந்திருந்தது. கடைசியில் சீட்டின் நடுப் பேனலையே வெட்டி எடுத்துவிட்டு வேறு தோல் வைத்துத் தைக்க வேண்டியதாயிற்று. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று. ஒரு கார் வாஷ் கடைக்காரர் என்னைக் கேட்காமல் அந்தக் கிழிசலில் சூப்பர் க்ளூ ஊற்றிவிட்டார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கிழித்தது ஒரு குடை. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என்று இரண்டு பருவமழையும் வாங்கும் ஊர் திருவனந்தபுரம். கரமனையில் ஏறினாலும் பட்டத்தில் ஏறினாலும் கையில் ஈரக்குடை இருக்கும், அதை மடக்கிச் சீட்டில் போட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். கம்பி முனையில் இருக்கும் குமிழ் கழன்றிருந்தால் போதும், உட்காரும் கனத்தில் அது தோலுக்குள் இறங்கிவிடும். உறவுக்காரர் ஒருவர் அப்படித்தான் உட்கார்ந்தார். போகட்டும், அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

வண்டியை உள்பக்கம் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன். திரும்ப எடுக்கப் போனபோது கடைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "ஒட்டிச்சிட்டுண்டு சாரே, இனி பேடிக்கண்டா." பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. சில வாரத்தில் பசை போட்ட கோடு வெளுத்துக் கல்லாக இறுகி, வேஷ்டிக்கு மேலேயே தொடையில் உறுத்தியது. அதன் இரண்டு பக்கமும் பசைக் கோட்டை ஒட்டியே புதிதாக இரண்டு வெடிப்புகள் ஓடின. வெடிப்பின் வாயில் பழுப்பு நிறத்தில் நார் நாராகப் பிரிந்து நின்றது.

காரணம் எளிது. கார் சீட்டுத் தோல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே கனம் இருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் வழவழப்பு மேல்பூச்சு. பலமெல்லாம் அடியில் பின்னிக் கிடக்கும் நார்களில் இருக்கிறது. ஆள் உட்கார்ந்து எழும்போதெல்லாம் அந்த நார்கள் நீண்டு சுருங்க வேண்டும். சூப்பர் க்ளூ நாருக்குள் ஊறி இறுகிவிட்டால் அந்த இடம் காய்ந்த அப்பளம் மாதிரி ஆகிவிடுகிறது, வளையாது. இறுகிய இடமும் இளகிய இடமும் சேரும் விளிம்பில் அடுத்த கிழிசல் பிறக்கும். அதைவிடக் கொடுமை, அந்தப் பசை ஊறிய நாரில் வேறு எந்த நல்ல பசையும் பிறகு பிடிக்காது.

சாலைப் பக்கம் குஷன் வேலை செய்கிற ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஆ. மாதவன் கதைகளில் வரும் அதே சாலைக் கடைத்தெருதான், தமிழிலேயே பேசி வேலையை முடிக்கலாம். அவர் நாகர்கோவில்காரர். கட்டைவிரல் நகத்தால் அந்தக் கோட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இத மட்டும் ஊத்தாம வந்திருந்தா உள்ள ஒரு துணி வச்சு அரை நாள்ல முடிச்சிருப்பேன். இப்ப வெட்டித்தான் எடுக்கணும்" என்றார்.

அந்தத் துணிதான் முழு விஷயமும். கிழிசலை அடியிலிருந்து தாங்க வேண்டும். ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் பெரிதாக, மூலைகளை வட்டமாகக் கத்தரித்த துணியை இடுக்கியால் கிழிசலுக்குள் நுழைத்து, தோலுக்கும் ஃபோமுக்கும் நடுவே சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். காய்ந்த பிறகும் ரப்பர் போல வளையும் பசையைப் பல்குத்தும் குச்சியால் தோலின் அடிப்பக்கத்தில் தடவி, விளிம்புகளைச் சேர்த்து வைத்து, மேலே கனம் ஏற்றி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். மற்றதெல்லாம் வழக்கமான வேலை. முன்னால் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போகத் துடைப்பது, பின்னால் பள்ளத்தில் ஃபில்லரை மெல்லிசாகச் சில தடவை பூசுவது, நிறம், மேல்பூச்சு. கையில் நிதானம் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். அதுவரை கிழிசல் மேல் பேப்பர் டேப் ஒன்றை ஒட்டி வையுங்கள். வாஷுக்கு விடும்போது 'சீட்டைத் தொடாதே' என்று வாயால் சொன்னால் போதாது, ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

இதெல்லாம் உண்மையான தோலுக்கு. உங்கள் சீட் எதுவென்று கிழிசலின் வாயே சொல்லிவிடும். நார் நாராக இருந்தால் தோல். பின்னல் துணி தெரிந்தால் ரெக்சினோ பியூ (பாலியூரித்தேன்) வகைச் செயற்கைத் தோலோ. தோல் சீட் என்று சொல்லி விற்கும் பல வண்டிகளில் உட்காரும் இடம் மட்டும் தோல், ஓரமும் பின்பக்கமும் செயற்கைதான். பியூ வகையில் பல, ஈரக்காற்றில் வேதி முறையிலேயே சிதைந்து செதில் செதிலாக உரியும். நம் ஊர்க் கடற்காற்றில் அப்படி உரியத் தொடங்கியதை ஒட்டப் பார்ப்பது வீண் செலவு, அந்தப் பேனலை மாற்றிவிடுங்கள்.

என்னிடமும் பலர், "ரெக்சினைப் போட்டு மூடு, எதற்கு இவ்வளவு செலவு?" என்றார்கள். நான் கேட்கவில்லை. குஷன்காரர் சென்னை பெரியமேட்டிலிருந்து காருக்கான தோலையே வரவழைத்துத் தைத்தார். பக்கத்துப் பேனலோடு சேர்த்துத் தடவினால் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. கொடுத்த காசுக்கு நான் வருந்தவில்லை. செருப்புத் தோலில் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் விறைப்பு வேறு, சீட்டின் வளைவுக்குப் படியாது.

தேங்காயெண்ணெய் தடவச் சொல்கிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவர்கள் மனதில் இருப்பது ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய தோல், அது எண்ணெய் குடிக்கும். கார் சீட்டுத் தோலில் பெரும்பாலானது குரோம் உப்பில் பதனிட்டது. சென்னைக் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அப்படிப் பதனிட்ட ஓர் ஆலையால்தான். அதற்கு மேல் பாலியூரித்தேன் பூச்சும் இருக்கிறது. எண்ணெய் உள்ளே போகாது, மேலே நின்று புழுதியைப் பிடிக்கும், தையல் துளை வழியாக இறங்கிச் சிக்கடிக்கும். மழைக்காலத்தில் பூஞ்சைக்கும் அதுவே தீனி. மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, கதவுகளைத் திறந்துவைத்து நிழலில் உலர்த்தினால் போதும். வெயிலில் உலர்த்தாதீர்கள், ஈரத்தோல் சுருங்கி இறுகும்.

நீங்களும் என்னைப் போலத் தெருவோரத்தில், கூரையில்லாமல்தான் வண்டியை நிறுத்துவீர்கள். முன் கண்ணாடிக்கு உள்ளே ஒரு மறைப்பு கட்டாயம் வேண்டும். கோவளமோ சங்குமுகமோ போய் வந்தால் அன்றைக்கே தையல் மடிப்புகளில் வேக்குவம் பிடியுங்கள். அங்கே தங்கும் மணல் உட்காரும்போதெல்லாம் நூலை அறுக்கும். குடைக்கு ஒரு நீளமான பிளாஸ்டிக் உறையைக் கதவுப் பையில் வைத்திருங்கள், ஏறுகிறவர் யாராக இருந்தாலும் குடை அதற்குள்தான் போக வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சாய்மானத்தின் கதவுப் பக்கத்து ஓரம் மட்டும் தனி. அங்கே 'ஏர்பேக்' என்று எழுதிய சிறு துணித் துண்டு தைத்திருந்தால் அந்தத் தையலில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். உள்ளே பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிறது, விபத்தில் அந்தத் தையல் பிரிந்தால்தான் அது வெளியே வரும். அதை நைலான் நூலால் அழுத்தித் தைத்தாலும், மேலே இறுக்கமான கவர் மாட்டினாலும், காற்றுப்பை விரிய வழியில்லாமல் போகலாம். குஷன் கடைக்காரரிடம் வேலை கொடுக்கும் முன்பே இதைக் கேளுங்கள். "அதுக்கென்ன, நல்லா உறுதியா தைச்சிடலாம்" என்று பதில் வந்தால் சாவியைக் கொடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.