அழுதது பாவமில்லை, மகளே

அன்புள்ள மகளே,

உன் கடிதம் கிடைத்தது. நைட் டியூட்டியில் நீ பார்த்துக்கொண்டிருந்த நோயாளி விடியற்காலையில் இறந்துபோனதையும், கதவைச் சாத்திக்கொண்டு நீ அழுததையும் எழுதியிருந்தாய். அடுத்த வரிதான் என்னை உலுக்கியது. சந்தோஷமாக இருக்கச் சொல்லும் வேதத்தை மீறிவிட்டேனோ என்று கேட்டிருக்கிறாய். அழுதால் விசுவாசம் குறைவு என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சந்தோஷம், ஓயாத ஜெபம், எந்த நிலையிலும் நன்றி என்று பவுல் மூன்றையும் அடுக்குவது 1 தெசலோனிக்கேயர் 5ஆம் அதிகாரம், 16 முதல் 18 வரை. காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் போட்டுப் போட்டு நாம் அதை அலங்கார வசனமாக்கிவிட்டோம். ஓர் அதிகாரம் முன்னால் போய்ப் படித்துப் பார். அந்தச் சபையில் சிலர் இறந்துபோயிருந்தார்கள், இருந்தவர்கள் கலங்கிப்போயிருந்தார்கள். நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறாரே தவிர, துக்கமே கூடாது என்று பவுல் சொல்லவில்லை. கி.பி. 50ஐ ஒட்டி எழுதப்பட்ட நிருபம் அது. எழுதியவரோ அந்த ஊரிலிருந்து இரவோடு இரவாக அனுப்பி வைக்கப்பட்டவர். அவருக்கு இடம் கொடுத்த யாசோனைக் கூட்டம் அதிகாரிகள் முன் இழுத்துக்கொண்டு போயிருந்தது. சௌகரியமாக இருந்த மனுஷன் சௌகரியமாக இருந்தவர்களுக்கு எழுதியது இல்லை அது. லாசருவை எழுப்பப்போகிற ஆண்டவரே கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். உனக்கு மட்டும் ஏன் தடை?

கண்ணீரைப் போலக் கோபமும் பாவமில்லை. கல்கத்தாவில் நீ தினமும் தாண்டுகிற ஜேம்ஸ் லாங் சரணி யார் பேரில் இருக்கிறது என்று விசாரித்தாயா? டைமண்ட் ஹார்பர் ரோட்டுக்குப் பக்கவாட்டில் பெஹாலாவைக் கடந்து போகிற அந்தச் சாலை ஒரு பாதிரியாரின் பேரைத் தாங்குகிறது. அயர்லாந்தில் 1814இல் பிறந்தவர்; சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியராக 1840இல் கல்கத்தா வந்தார். உன் தாக்குர்புகூரில்தான் வெகுகாலம் பள்ளிக்கூடம் நடத்தினார். வங்காளப் பழமொழிகளைத் தேடித் தேடிச் சேர்த்த ரசிகர். அப்போது அவுரித் தோட்டத் துரைமார் வங்காளக் குடியானவர்களை அடித்து உதைத்து அவுரி பயிரிட வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொடுமையைத் தீனபந்து மித்ரா ‘நீல் தர்பண்’ என்று நாடகமாக எழுதி 1860இல் வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டவர் லாங். துரைமார் வழக்குப் போட்டார்கள். 1861 ஜூலையில் ஒரு மாதச் சிறையும் 1000 ரூபாய் அபராதமும் தீர்ப்பாயிற்று. அபராதத்தை நீதிமன்றத்திலேயே கட்டியவர் காளிபிரசன்ன சிங்கா. மகாபாரதத்தை வங்காளத்தில் கொண்டுவந்த இந்து எழுத்தாளர். லாங் சிறைக்குப் போனார், திரும்பி வந்து பழைய வேலையையே பார்த்தார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அநியாயத்தைக் கண்டும் காணாமல் போவதை நம்மவர்களில் சிலர் பக்தி என்று நினைக்கிறார்கள். கோபப்படத் தெரியாத சந்தோஷத்தை நான் நம்புவதில்லை. உன் வார்டில் ஏழை நோயாளியை யாராவது விரட்டினால், “கர்த்தருக்குச் சித்தம்” என்று நகர்ந்துவிடாதே.

மனசில் எதுவுமே தோன்றாத நாளில் எப்படி ஜெபிப்பது என்றும் கேட்டிருந்தாய். அன்னை தெரசா 1952இல் நிர்மல் ஹிருதய் இல்லத்தைத் திறந்த காளிகாட் உனக்குப் பக்கம்தான். அவர் காலமாகிப் பத்து வருஷம் கழித்து, 2007இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளிவந்தன. தேவன் அருகில் இருக்கிறார் என்ற உணர்வே இல்லாமல் பல பத்தாண்டுகள் அவர் கஷ்டப்பட்டது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அத்தனை வருஷமும் காலை ஜெபத்தை அவர் விடவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். பரிஷாவில் ஆக்ஸ்போர்டு மிஷன் வளாகத்தில் ஃபாதர் தியோடர் மாத்திசன் ஏழைப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் சொல்லிக்கொடுத்தார். அங்கே படித்த அனூப் குமார் பிஸ்வாஸ் வெளிநாட்டு மேடைகளில் செல்லோ வாசிக்கும் அளவுக்கு உயர்ந்தார். கல்கத்தா ஈரக்காற்றில் தந்தி தினமும் சுருதி கலைந்துபோகும். வாசிக்கப் பிரியம் இருக்கிறதோ இல்லையோ, முதலில் சுருதி கூட்டத்தான் வேண்டும். ஜெபமும் அப்படித்தான்.

ஓயாமல் ஜெபிப்பது என்றால் முழங்காலிலேயே கிடப்பது இல்லை. தாக்குர்புகூரில் மெட்ரோ ஏறினால் சகேர் பஜார், பெஹாலா சௌராஸ்தா, பெஹாலா பஜார் என்று வரிசையாக ஸ்டேஷன் வருகிறதே, ஒவ்வொன்றுக்கும் உன் வார்டில் ஒரு கட்டில் என்று வைத்துக்கொள். அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் பேரை மனசுக்குள் சொல். அது போதும். நோயாளி கேட்காமல் தலைமாட்டில் நின்று சத்தமாக ஜெபிக்காதே; வலியில் கிடப்பவரிடம் பிரசங்கம் செய்வது அன்பு ஆகாது.

நன்றியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சபையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைப் போதகர் வாசிக்கும்போது கவனித்திருப்பாய்: பிறந்தநாள், வேலை கிடைத்தது, வீடு கட்டினது. பரீட்சையில் தோற்ற பிள்ளையை இன்னும் நேசிக்க முடிந்ததற்கு யாரும் கவர் போடுவதில்லை. உன் அம்மாச்சி மட்டும் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துக் காணிக்கைக்கென்று தனிப் பானையில் போடுவாள். அடுத்த வேளைக்கு அரிசி இருக்குமா என்று தெரியாத வருஷங்களிலும் அந்தக் கை நிற்கவில்லை. நீயும் கையால் செய்யக்கூடியதாக ஒன்றைப் பிடித்துக்கொள். பெட்பேன் எடுக்கிற ஆயாவின் பேர் தெரியுமா உனக்கு? தெரியாவிட்டால் நாளைக்கே கேள். பேர் சொல்லி, அவள் வங்காளத்திலேயே, நன்றி சொல்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் பண்ணும்போது “எல்லாம் நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. அழுததையும் சொல். அவள் அன்று ராத்திரி ஜெபிப்பதற்கு உண்மையான விஷயம் ஒன்று வேண்டும்.

உன் பெரியப்பா,
பாளையங்கோட்டை