தொலைந்த உரிமமும் திரும்பிய அட்டையும்

நுழையும் முன்

வீட்டிலுள்ள பெரியோர்க்காக விண்ணப்பம் எழுதித் தரும் பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. பள்ளியில் கற்ற ஆங்கிலமும் இந்தியும் அலுவலகங்களில் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. ஆயினும், எழுதுபவர் ஒருவர், கையெழுத்திடுபவர் மற்றொருவர். அந்நிலையில் எழுதுபவரின் பொறுப்பு யாது? நாக்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய இக்கதையைப் படித்து அறிவோம்.

தொலைந்தது

நாக்பூரின் கலமனா சந்தையிலிருந்து ஆரஞ்சுப் பெட்டிகளை ஏற்றிச் சென்று கடைகளில் சேர்ப்பது அப்பாவின் தொழில். சிறிய சரக்கு வண்டி, அவரே ஓட்டுநர். மார்கழி மாத இரவொன்றில் வீடு திரும்பியவர், சட்டைப் பையைத் தடவிப் பார்த்துத் திகைத்து நின்றார். ஓட்டுநர் உரிமத்தைக் காணவில்லை. வண்டியிலும் வாசலிலும் விளக்கைப் பிடித்துக்கொண்டு அனைவரும் தேடினர். கிடைக்கவில்லை.

"நாளை வண்டியை எடுக்க முடியாதே, பாப்பா! வீட்டு வாடகையும் வண்டித் தவணையும் இதை நம்பித்தானே இருக்கின்றன?" என்று அப்பா கலங்கினார்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் அவரைத் தேற்றினாள். "தொலைந்தது அட்டைதான், அப்பா. வண்டி ஓட்டும் உரிமை தொலையவில்லை. உங்கள் உரிமத்தின் விவரங்கள் அரசின் பதிவேட்டில் இருக்கின்றன."

அம்மா தகரப் பெட்டியிலிருந்து உரிமத்தின் ஒளிநகலை எடுத்து வந்தார். அதில் உரிம எண் தெளிவாக இருந்தது. முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் அலுவலகத்தையும், அடுத்த நான்கு இலக்கங்கள் ஆண்டையும் குறிப்பன. இறுதி ஏழு இலக்கங்கள் அவருக்கே உரிய வரிசை எண். அந்த எண்ணைக் கொண்டு, அப்பாவின் கைப்பேசியில் அவர் கண்முன்னரே டிஜிலாக்கர் செயலியில் உரிமத்தை வரவழைத்தாள் மகள். சோதனையின்போது அந்த மின்னணு உரிமத்தைக் காட்டலாம் என 2018ஆம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டுள்ளன. அட்டையைப் படம் எடுத்து வைத்திருப்பது அதற்கு ஈடாகாது. மறுநாள் விடியற்காலையில் வண்டி வழக்கம்போல் புறப்பட்டது.

எழுதியது

அன்று மாலை, காவல் துறைக்கு அளிக்க வேண்டிய தொலைவு அறிக்கையை எழுத இருவரும் அமர்ந்தனர். "இரயில் நிலையத்தில் தொலைந்தது என்று எழுதிவிடு, பாப்பா. அங்குதான் கூட்டம் மிகுதி, எளிதில் நம்புவார்கள்" என்றார் அப்பா.

"அங்கே தொலைந்தது என்பது நமக்குத் தெரியாதே, அப்பா! காலையில் சந்தை வாயிலில் காவலரிடம் காட்டியதாகச் சொன்னீர்கள். இரவில் பையில் இல்லை. நமக்குத் தெரிந்தது அவ்வளவே, அதையே எழுதுகிறேன்."

அப்பாவுக்கு மராத்தி பேச வரும். படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே. எனவே, மகள் ஒவ்வொன்றையும் முதலில் தமிழில் எழுதி அவரிடம் கொடுத்தாள். அவர் படித்து ஒப்புக்கொண்ட பின்னரே ஆங்கிலத்தில் எழுதினாள். நகல் உரிமத்துக்கான விண்ணப்பத்துடன் இணைத்த உறுதிமொழியையும் அவ்வாறே எழுதினாள். அதில் மூன்று செய்திகள் இருந்தன: உரிமம் உண்மையாகவே தொலைந்துவிட்டது; காவல் துறையோ நீதிமன்றமோ அதனைப் பறிமுதல் செய்யவில்லை; பின்னாளில் கிடைத்தால் அலுவலகத்தில் ஒப்படைப்பேன். அப்பா இருமுறை படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

சில வாரங்களில் புதிய அட்டை வந்தது. அதே எண், அதே முடிவு நாள்.

திரும்பியது

மாசி மாதத்தில் ஒருநாள், காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த பழ வணிகர் அப்பாவை அழைத்தார். பெட்டியின் அடியில் கிடந்த வைக்கோலுக்குள் பழைய அட்டை இருந்தது! குனிந்து பெட்டி தூக்கியபோது சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

அன்றிரவு சித்தப்பாவும் வீட்டில் இருந்தார். வேலை தேடி ஊரிலிருந்து வந்திருந்த அவருக்கு வண்டி ஓட்டத் தெரியும், உரிமம் இல்லை.

"அண்ணா, இந்தப் பழைய அட்டை என்னிடம் இருக்கட்டும். நம் இருவர் முகமும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது? நீங்கள் ஓய்வெடுக்கும் நாளில் நான் ஓட்டுகிறேன். வரும் பணம் வீட்டுக்குத்தானே?" என்றார்.

அப்பா உடனே மறுக்கவில்லை. அவ்வாரம் முழுவதும் முதுகுவலியால் துன்பப்பட்டவர் அவர். தம்பிக்கும் ஒரு வழி வேண்டும். அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் உள்ளே சென்று, தமிழில் எழுதிய அந்தத் தாளை எடுத்து வந்து அவர் முன் வைத்தாள். எதுவும் பேசவில்லை. மூன்றாம் வரியை அப்பா மெல்ல வாய்விட்டுப் படித்தார்.

"எழுதியவள் பாப்பா, ஆனால், சொல் என்னுடையது" என்றார். பிறகு தம்பியை நோக்கி, "நாளை அலுவலகத்துக்கு நீயும் வா. இந்த அட்டையை நான் ஒப்படைக்கிறேன். பழகுநர் உரிமத்துக்கு நீ விண்ணப்பம் கொடு. அதுவரையில் பெட்டி ஏற்ற எனக்குத் துணையாக இரு" என்றார்.

சித்தப்பாவின் முகம் சற்று வாடியது. ஆயினும், "என் விண்ணப்பத்தையும் தமிழில் எழுதிக் காட்டுவாயா, பாப்பா?" என்று கேட்டார்.

அறிந்துகொள்வோம்

• ஓட்டுநர் உரிமம் பற்றிய சட்டம், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். எந்த மாநிலத்தில் பெற்ற உரிமமும் இந்தியா முழுவதும் செல்லும்.

• அச்சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டுநர் உரிமங்களை வைத்திருத்தல் கூடாது. தம் உரிமத்தைப் பிறர் பயன்படுத்த விடுதலும் கூடாது. பழைய அட்டையை ஒப்படைப்பதன் காரணம் இதுவே.

• நகல் உரிமம் என்பது ஒளிநகல் அன்று. தொலைந்த அட்டைக்கு மாற்றாக அரசு வழங்கும் உரிமம். இதற்கு 'சாரதி' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணமும் இணைப்புச் சான்றுகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

• பொருள் தவறிப்போனால் தொலைவு அறிக்கை. திருடப்பட்டால் முதல் தகவல் அறிக்கை. இவ்விரண்டையும் மாற்றி எழுதுதல் கூடாது.

• உரிமமின்றி வண்டி ஓட்டுபவருக்கு 5,000 ரூபாய் தண்டமோ, மூன்று மாதம் வரையிலான சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வண்டியை அவரிடம் கொடுத்த உரிமையாளரும் அவ்வாறே தண்டிக்கப்படலாம்.

மகள் எழுதிய கடிதம்

அனுப்புநர்
(பெயர், முகவரி)

பெறுநர்
வட்டாரப் போக்குவரத்து அலுவலர்,
நாக்பூர்.

ஐயா,

பொருள்: திரும்பக் கிடைத்த பழைய ஓட்டுநர் உரிமத்தை ஒப்படைத்தல் – சார்பு.

வணக்கம். எனது ஓட்டுநர் உரிமம் தொலைந்தமையால் தங்கள் அலுவலகத்தில் நகல் உரிமம் பெற்றுள்ளேன். தொலைந்த அட்டை நேற்றுச் சந்தையில் எனக்குத் திரும்பக் கிடைத்தது. நான் அளித்த உறுதிமொழியின்படி அதனை இக்கடிதத்துடன் ஒப்படைக்கிறேன். பெற்றுக்கொண்டமைக்கு ஒப்புகைச் சீட்டு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

சொற்பொருள்

ஒளிநகல் – படியெடுக்கும் பொறியில் எடுத்த படி
தவணை – கடனைப் பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை
பறிமுதல் – அரசு ஒரு பொருளைக் கைப்பற்றுதல்
பழகுநர் – ஒரு தொழிலைப் பழகிக்கொள்பவர்
ஒப்புகைச் சீட்டு – பெற்றுக்கொண்டதற்குச் சான்றாகத் தரும் சீட்டு

பயிற்சி

1. "தொலைந்தது அட்டைதான், உரிமை தொலையவில்லை" – இக்கூற்றை விளக்குக.

2. உரிமம் இரயில் நிலையத்தில் தொலைந்தது என்று மகள் எழுதியிருந்தால், அட்டை பழப்பெட்டியில் கிடைத்தபோது என்ன நேர்ந்திருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.

3. சித்தப்பாவின் கோரிக்கையில் தீய எண்ணம் இருந்ததா? அப்பா தயங்கியது ஏன்? உம் கருத்தைக் கூறுக.

4. பிரித்து எழுதுக: சட்டைப்பை, கையெழுத்து, பழப்பெட்டி.

5. சாலையில் பிறருடைய உரிமம் ஒன்று உமக்குக் கிடைக்கிறது. அதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கக் கடிதம் எழுதுக.

6. உம் வீட்டுப் பெரியவர் அண்மையில் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்றின் செய்தியைத் தமிழில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டுக. அவர் கேட்ட கேள்விகளைக் குறித்து வருக.