பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம்

அமெரிக்காவில் என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அங்கே கறுப்பினப் பெண்கள் சொல்வதை ஆஸ்பத்திரிகளில் காதில் வாங்குவதில்லையாமே! டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கே அப்படி நடந்ததா?
– வாசகி, தஞ்சாவூர்

நடந்தது. 2017-ல் சிசேரியனுக்கு மறுநாள் அவருக்கு மூச்சு முட்டியது. 2011-லேயே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர் என்பதால், சி.டி. ஸ்கேனும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் மருந்தும் வேண்டுமென்று அவரே கேட்டார். வலி மருந்தின் குழப்பமோ என்று நினைத்தார் நர்ஸ். முதலில் காலுக்கு அல்ட்ராசவுண்ட்; பிறகுதான் சி.டி. நுரையீரலில் கட்டிகள்! அங்கே கறுப்பினத் தாய்மார்களின் மரண விகிதம் வெள்ளையரைவிட ஏறக்குறைய 3 மடங்கு.

நம் பெண்களோ கேட்டாலும் "பரவாயில்லை" என்பவர்கள். மூச்சுத்திணறல், விடாத தலைவலி, மங்கும் பார்வை, அதிக ரத்தப்போக்கு இருந்தால், வீடு திரும்பிய பிறகானாலும், உடனே சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் பரிசோதிக்க மறுத்தால், "பரிசோதனை தேவையில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்" என்று மாப்பிள்ளை கேட்கட்டும். வாயாடி மாப்பிள்ளை என்றால் இன்னும் நல்லது.