பின் சக்கரத்தின் பிடிப்பு

மழைக்காலத்தில் சேற்றில் மாட்டிக்கொண்ட லாரியைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் உறுமுகிறது. பின் சக்கரங்கள் வேகமாகச் சுழல்கின்றன. சேறு பின்னால் நிற்பவர்கள் மீது வாரியடிக்கிறது. வண்டியோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. எஞ்சினுக்குச் சக்தி குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தச் சக்தியைத் தரையில் சேர்க்க வேண்டிய டயருக்குப் பிடிப்பு இல்லை. அதனால்தான் ஓட்டுநர் கீழே இறங்கி, சக்கரத்துக்கு அடியில் கல்லையும் கோணிப்பையையும் போடுகிறார்.

காய்ந்த, நல்ல தார்ச்சாலையிலும் இப்படிச் சக்கரம் வீணாகச் சுழலுமா? எஞ்சின் மிகுந்த திறன் உடையதாயின் கட்டாயம் சுழலும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1,600 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார். எஞ்சினின் திறன் 300 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 400 குதிரைத்திறன். எஞ்சின் பின் சக்கரங்களை மட்டுமே இயக்குகிறது. காரின் எடையில் பாதி பின் சக்கரங்களின் மேல் இருப்பதாகக் கொண்டால், அவை தரையை அழுத்தும் விசை 800 × 9.8 = 7,840 நியூட்டன். கார் விரைந்து முன்னேறும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. பஸ் திடீரெனக் கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோம் அல்லவா, அதுபோல. ஆகவே தாராளமாக 10,000 நியூட்டன் என்றே வைத்துக்கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயரின் உராய்வுக் குணகம் 1 என்றால், அந்த இரு டயர்களும் காரைத் தள்ளக்கூடிய உச்ச விசையும் 10,000 நியூட்டனே.

எஞ்சினோ எவ்வளவு தரும்? திறனை வேகத்தால் வகுத்தால் விசை கிடைக்கும். மணிக்கு 54 கி.மீ. என்பது விநாடிக்கு 15 மீட்டர். 3,00,000 ÷ 15 = 20,000 நியூட்டன். பல்சக்கரங்களில் ஏற்படும் இழப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. டயர் தாங்குவதைப்போல் இரு மடங்கு! மணிக்கு 108 கி.மீ. வேகத்தை எட்டும்போதுதான் இரண்டும் சமமாகின்றன. அதற்குக் கீழே உள்ள வேகங்களில் காரின் முடுக்கத்தைத் தீர்மானிப்பது எஞ்சின் அன்று, டயர்தான். மழை பெய்து உராய்வுக் குணகம் 0.5 ஆகக் குறைந்தால் இந்த எல்லை மணிக்கு 216 கி.மீ. வரை போய்விடுகிறது! இத்தகைய காரை வாங்குபவர் எஞ்சினைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டால், டயரைப் பற்றி இருபது கேள்வி கேட்க வேண்டும்.

ஒரே பிடிப்பு, இரண்டு வேலை

நேர்ச்சாலையில் பின் டயருக்குத் தள்ளும் வேலை மட்டுமே உண்டு. வளைவில் இன்னொரு வேலையும் சேர்கிறது: கார் வெளிப்பக்கம் நழுவாமல் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு வேலைக்கும் இருப்பு ஒன்றுதான். இங்கே நமக்குக் கைகொடுப்பவர் பிதாகரஸ்.

டயரின் மொத்தப் பிடிப்பை 10 என்க. வளைவில் திரும்ப அதில் 8 செலவானால், தள்ளுவதற்கு 2 மிஞ்சும் என்று அவசரப்பட்டுக் கூறிவிடாதீர்கள். பக்கவாட்டு விசையும் முன்னோக்கிய விசையும் செங்குத்தானவை. 8-இன் வர்க்கம் 64. 100-இலிருந்து அதைக் கழித்தால் 36. அதன் வர்க்கமூலம் 6. ஆக, 6 பங்கு மிஞ்சுகிறது. பரவாயில்லை. ஆனால் அதே வளைவில் சற்று வேகமாகத் திரும்பி, 9.6 பங்கு செலவாகிவிட்டால்? மிஞ்சுவது 2.8 மட்டுமே. கணக்கிட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்தி 5 பங்கு கேட்டால் டயரால் தர இயலாது. சக்கரம் சறுக்கத் தொடங்கும். சறுக்கும் டயர் பக்கவாட்டுப் பிடிப்பையும் இழக்கும். காரின் பின்பகுதி வெளிப்பக்கம் வீசப்பட்டு, கார் பம்பரம்போல் சுற்றிவிடும்.

முன் சக்கரங்கள் இயக்கும் காரிலும் சறுக்கல் உண்டு. ஆனால் அங்கே சறுக்குவது முன்பகுதி. கார் திரும்ப மறுத்து நேராகப் போகும். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின்பகுதி வீசும் காரைச் சமாளிப்பது அதைவிடக் கடினம். புதிய டயர் இரண்டு மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்னால் மாட்டச் சொல்வது இதனால்தான். சக்திமிக்க பின்சக்கரக் கார்கள் பலவற்றில் பின் டயர்கள் முன் டயர்களைவிட அகலமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

அகலம் எதற்கு?

"உராய்வு, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று எங்கள் பாடநூல் கூறுகிறதே! பின் அகலமான டயரால் என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இன்னொரு சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் காரின் ஒவ்வொரு டயரும் சுமார் 3,900 நியூட்டன் எடையைத் தாங்குகிறது. உள்ளே காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 22 நியூட்டன் எனில், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 177 சதுர சென்டிமீட்டர். பெரியவர் ஒருவரின் விரித்த கை அளவுதான்! டயரை அகலமாக்கினாலும், காற்றழுத்தம் மாறாத வரை இந்தப் பரப்பு அதிகம் மாறுவதில்லை. அதன் வடிவம் மட்டும் நீளம் குறைந்து அகலம் கூடுகிறது.

விடை ரப்பரின் இயல்பில் இருக்கிறது. மரக்கட்டைக்கும் இரும்புக்கும் பொருந்தும் அந்த விதி ரப்பருக்கு முழுமையாகப் பொருந்தாது. தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் பதிந்து கொள்கிறது. சாலையின் மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் சீராகப் பரவினால் இந்தப் பிடிப்பு நன்றாக இருக்கும். வளைவில் குறுகலான டயரைவிட அகலமான டயர் சுமையைச் சீராகப் பரப்புகிறது. அதோடு, சூடாகும் ரப்பரும் தேயும் ரப்பரும் அதிகப் பரப்பில் பகிர்ந்துகொள்ளப்படுவதால், மிருதுவான ரப்பரைப் பயன்படுத்த முடிகிறது.

மிருதுவான ரப்பர்தான் உண்மையான பிடிப்பைத் தருவது. மிருதுவான பென்சில் அழிப்பான் ஒன்றையும், நாட்பட்டு இறுகிப்போன அழிப்பான் ஒன்றையும் ஒரு பலகை மீது வைத்துப் பலகையைச் சாய்த்துப் பாருங்கள். முதலில் நழுவுவது எது? அழுத்தப்பட்ட ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் சற்றுத் தயங்குகிறது. காந்தவியலில் நீங்கள் படிக்கும் 'தயக்கம்' போன்றதே இது. இந்தத் தயக்கமே பிடிப்புக்கு உதவுகிறது. ஆனால் அதற்கு விலை உண்டு. தயங்கும் ரப்பர் ஆற்றலை விழுங்கி வெப்பமாக்குகிறது, பெட்ரோல் அதிகம் செலவாகிறது, டயரும் விரைவில் மொட்டையாகிறது. பந்தயத்துக்கான ரப்பரோ குளிர்ந்த நிலையில் இறுகிக் கிடக்கும், சூடேறிய பிறகே பிடிக்கும். கடைத்தெருவுக்குப் போய்வரும் காருக்குப் பந்தய டயர் மாட்டுவது வெறும் ஆடம்பரம் அன்று, ஆபத்தும்கூட.

தண்ணீரையும் மறக்கக்கூடாது. 20 சென்டிமீட்டர் அகல டயர், 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் சாலையில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடினால், விநாடிக்கு 15 லிட்டர் தண்ணீரை வழியிலிருந்து அகற்ற வேண்டும். ஒரு பெரிய வாளித் தண்ணீர்! வெட்டுப்பள்ளங்கள் இல்லாவிட்டால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். டயர் அகலமாக அகலமாக இந்தத் தொல்லையும் கூடும்.

டயரில் எழுதியிருப்பது

டயரின் பக்கச்சுவரில் '255/40 ஆர்18 99ஒய்' என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். அகலம் 255 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 40 பங்கு. 'ஆர்' என்பது ரேடியல் டயர் என்பதன் அடையாளம். 18 அங்குல ரிம்மில் பொருந்தும். 99 என்ற குறியீடு 775 கிலோகிராம் சுமையைக் குறிக்கும். 'ஒய்' என்றால் மணிக்கு 300 கி.மீ. வரை தாங்கும்.

அமெரிக்காவில் விற்கும் கார் டயர்களில் தேய்மான எண் ஒன்றும் உண்டு. டெக்சாஸ் மாநிலச் சாலைகளில் ஓட்டிச் சோதித்து அதைக் கணிக்கிறார்கள். 200 என்ற எண், 100 என்ற எண்ணைப்போல் இரு மடங்கு உழைப்பைக் காட்டும். பொதுவாக எண் சிறியதாயின் ரப்பர் மிருதுவானது. பக்கத்தில் 'ஏஏ', 'ஏ', 'பி', 'சி' எனப் பிடிப்புக்கான எழுத்தும் இருக்கும். அதைக் கண்டு ஏமாந்துவிடக்கூடாது. ஈரத்தரையில் நேர்க்கோட்டில் பிரேக் போட்டு அளந்த தரம் அது. வளைவைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

சுமையையும் வேகத்தையும் குறிக்கும் எழுத்துகளைப் பலர் படிப்பதே இல்லை. பிடிப்பு மட்டும் இருந்தால் போதாது, டயரின் உடலும் தாங்க வேண்டும். இதனை உலகமே பார்த்த நாள் ஒன்று உண்டு.

இண்டியானாபொலிஸ், 2005

ஃபார்முலா 1 பந்தயக் கார்களும் பின் சக்கரத்தால் இயங்குபவையே. 2005-இல் அவற்றின் எடை ஓட்டுநரையும் சேர்த்து 600 கிலோவை ஒட்டியே இருந்தது, திறனோ சுமார் 900 குதிரைத்திறன். அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக்கூடாது. ஒரே தொகுதி டயர் கடைசிவரை உழைக்க வேண்டும்.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் ஓடுபாதையில் 13-ஆவது வளைவு சாய்தளமாக அமைந்தது. கார்கள் அங்கே ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தியபடி வலப்புறம் திரும்பின. சாய்தளத்தில் மையவிலக்கு விசையின் ஒரு கூறு காரைத் தரையோடு சேர்த்து அழுத்தும். எனவே இடப்பக்கப் பின் டயரின் மீது எடை, காற்றின் அழுத்தம், வளைவின் விசை, எஞ்சினின் தள்ளல் எல்லாம் ஒருசேர விழுந்தன. 66 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 40 முறை சுழலும். அதாவது பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் விநாடிக்கு 40 முறை நசுங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஜூன் 17, வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா, அந்த வளைவில் இடப்பக்கப் பின் டயர் செயலிழந்து சுவரில் மோதியது. மிச்சலின் நிறுவனத்தின் டயர் அது. சோதித்துப் பார்த்த மிச்சலின், அந்த வளைவின் வேகத்தைக் குறைக்காவிட்டால் தன் டயர்கள் முழுப் பந்தயத்துக்கும் பாதுகாப்பானவை அல்ல என்று அறிவித்தது. பிடிப்பில் குறை ஏதுமில்லை. சனிக்கிழமை தகுதிச்சுற்றில் முதலிடம் பெற்ற யார்னோ ட்ருல்லியின் காரும் மிச்சலின் டயரில் ஓடியதுதான்! வளைவின் முன் வேகத்தடுப்புத் திருப்பம் ஒன்றை அமைக்கலாம் என்ற யோசனையைப் பந்தய நிர்வாகம் ஏற்கவில்லை.

ஜூன் 19 அன்று இருபது கார்களும் ஒத்திகைச் சுற்றை ஓடின. சுற்றின் முடிவில் மிச்சலின் டயர் பூட்டிய 14 கார்களும் வரிசையாகப் பணிமனைப் பாதைக்குள் திரும்பிவிட்டன. பந்தயக்கோட்டில் நின்றவை ஆறே கார்கள். அவை அனைத்தும் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டியவை. அவற்றில் ஒன்று கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனின் ஜோர்டான் கார். ரசிகர்கள் கூச்சலிட்டனர். ஆறு கார்களும் 73 சுற்றுகளையும் ஓட்டத் தொடங்கின. மைக்கேல் ஷூமாக்கர் வென்றார். நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா 1 பந்தயத்தில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. அந்த ஆறு கார்களின் டயர்களும் கடைசிச் சுற்றுவரை உழைத்தன. சீட்டு வாங்கிய ரசிகர்களுக்கு மிச்சலின் நிறுவனம் பின்னர் பணத்தைத் திருப்பித் தந்தது.